தமிழில் புத்தர்: மணிமேகலையும் ஆசிய ஜோதியும் – ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

முன்னுரை

பினாங்குத் தீவின் பூலாவ் திக்குஸ் பகுதியில், ஒரே சாலையில், எதிரெதிரே இரண்டு பௌத்த ஆலயங்கள் அமைந்துள்ளன. ஒன்று 1803ஆம் ஆண்டில் தோன்றிய தம்மிகராம பர்மியர் ஆலயம்; மற்றொன்று 1845ஆம் ஆண்டில் எழுந்த வாட் சாயாமங்களாராம் என்னும் சயாமியர் ஆலயம். ஆயர் ஈத்தாம் குன்றுப் பகுதியில் சீனர் எழுப்பிய கெக் லோக் சி ஆலயமும், கம்பார் சாலையில் சிங்களர் மரபைச் சார்ந்து 1918இல் நிறுவப்பட்ட மகிந்தாராம ஆலயமும் இத்தீவின் பெயர்பெற்ற பௌத்த நிலையங்களாகும். பர்மியர், சயாமியர், சீனர், சிங்களர் ஆகிய நான்கு மரபுகளும் இங்குப் புத்தரைத் தத்தம் முறையில் போற்றி வருகின்றன. தமிழர் மரபைச் சார்ந்தது எனச் சுட்டத்தக்க ஆலயம் இவற்றுள் இல்லை.

இச்சூழலில் வளரும் தமிழ் மாணவர், புத்தரைச் சீனர் தெய்வமாகவே அறிந்துள்ளனர். மணிமேகலையைப் பாடமாகத் தொடங்கும்பொழுது, அண்டை வீட்டார் வழிபடும் புத்தர் தமிழ்க் காப்பியத்துள் எவ்வாறு வந்தார் என்னும் வினா ஆண்டுதோறும் வகுப்பில் எழுகின்றது. வினா எளிதாயினும் விடை அத்துணை எளிதன்று. ஆசிரியராகிய நாம் பெரும்பாலும் ஒரே விடையைத் தருகின்றோம். அரண்மனையில் பிறந்து, மூப்பையும் பிணியையும் சாக்காட்டையும் துறவியையும் கண்டு, நள்ளிரவில் மனைவியையும் மகனையும் துறந்து சென்ற இளவரசனின் வரலாற்றைச் சொல்லி, 'அவர் உரைத்த அறமே மணிமேகலையில் உள்ளது' என முடிக்கின்றோம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'ஆசிய ஜோதி' இதற்குப் பெருந்துணையாக அமைகின்றது.

மணிமேகலைக்கு ஆசிய ஜோதி வாயிலாக இவ்வாறு வழி வகுப்பது பொருத்தமுடையதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இரு நூல்களும் புத்தரை நோக்கும் முறையில் அடிப்படையான வேறுபாடு உடையன. ஆசிய ஜோதி புத்தரின் வாழ்க்கையைச் சொல்கின்றது. மணிமேகலையோ அவர் வாழ்க்கையைப் பெரும்பாலும் சொல்லாமல், அவர் அறத்தை ஏற்றுக்கொண்ட பிறருடைய வாழ்க்கையைச் சொல்கின்றது. இவ்வேறுபாட்டை உணராது முன்னதன் கண்ணாடி வழியே பின்னதைக் காணும்போது, தமிழ்ப் பௌத்தத்தின் தனித்தன்மை நம் கையை விட்டு நழுவுகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வாழ்க்கை வரலாறு உருவான வகை

புத்தரின் துறவைப் பற்றி இன்று நாம் வழங்கும் கதை, பாலி நூல்களின் தொன்மையான பகுதிகளில் அதே வடிவில் காணப்படவில்லை. மஜ்ஜிம நிகாயத்தின் அரியபரியேசன சுத்தத்தில் புத்தர் தம் துறவைத் தாமே எடுத்துரைக்கின்றார். இளமைப் பருவத்தில், பெற்றோர் விரும்பாது கண்ணீர் சொரிந்துகொண்டிருக்க, தலைமுடியை மழித்துத் துவராடை உடுத்து வீட்டை நீங்கியதாக அங்குக் கூறப்படுகின்றது. நள்ளிரவில் யாரும் அறியாது வெளியேறிய செய்தி அங்கில்லை. தேரில் சென்று கண்ட நான்கு காட்சிகளும் இல்லை. நான்கு காட்சிகள் தீக நிகாயத்தின் மகாபதான சுத்தத்தில் இடம்பெறுகின்றன. ஆயினும் அவை கௌதமருக்குரியனவாக அன்றி, முன்னொரு காலத்துப் புத்தராகிய விபஸ்ஸிக்கு உரியனவாகச் சொல்லப்படுகின்றன. பின்னர்த் தோன்றிய அசுவகோஷரின் புத்தசரிதம், லலிதவிஸ்தரம், சாதகக் கதைகளின் முன்னுரையாகிய நிதானகதை முதலிய நூல்களே இவற்றைக் கௌதமர் வாழ்க்கையோடு பிணைத்து விரிவான காவியக் கதையாக வளர்த்தன.

எனவே, புத்தரின் வாழ்க்கையை முதலில் அறிந்து, பின் அவர் கொள்கையை அறிய வேண்டும் என்னும் வரிசை, பௌத்த மரபிலேயே காலப்போக்கில் உருவாகியதாகும். அதற்கு முந்திய நிலையில், கொள்கையை விளக்க வேண்டிய இடங்களில் வாழ்க்கைக் குறிப்புகள் சிதறிக் கிடந்தன. இவ்வடிப்படையில் நோக்கினால், மணிமேகலை புத்தரின் வரலாற்றை விரித்துரைக்காமை அந்நூலின் குறையன்று. அதுவும் ஒரு மரபே என்பது விளங்கும்.

மணிமேகலையில் புத்தர்

பதிகம் நீங்கலாக முப்பது காதைகளைக் கொண்ட மணிமேகலையில் புத்தர் கதைமாந்தராக வரவில்லை. அவர் அறியப்படுவது மூன்று வழிகளில் எனலாம். முதலாவது, அவர் அமர்ந்த பீடிகை. மணிபல்லவத் தீவில் உள்ள அப்பீடிகையைக் கண்டே மணிமேகலை தன் முற்பிறப்பை உணர்கின்றாள். இரண்டாவது, அவர் பிறந்த நாள். இளவேனிற் பருவத்து விசாக நாளில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மேலெழுந்து தோன்றும் எனத் தீவதிலகை கூறுகின்றாள். மூன்றாவது, அறவண அடிகள் எடுத்துரைக்கும் அறம்.

காலத்தைப் பொறுத்தும் இக்காப்பியம் விந்தையானதொரு நிலையைக் கொண்டுள்ளது. பீடிகையில் அமர்ந்து அறமுரைத்தவராகப் புத்தர் கடந்த காலத்தவர் ஆகின்றார். ஆயின், அறவண அடிகளோ ஆயிரத்து அறுநூற்றுப் பதினாறாம் ஆண்டில் பேரறிவாளன் தோன்றுவான் என எதிர்காலத்தில் வைத்து உரைக்கின்றார். இவ்வெண்ணின் பொருளைப் பற்றி அறிஞரிடையே பலவகை விளக்கங்கள் நிலவுகின்றன. இங்கு நாம் கருதத்தக்கது ஒன்று: புத்தரைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் வாழ்ந்து மறைந்த ஒரு தனிமனிதராக மட்டும் சாத்தனார் கொள்ளவில்லை. அவர் அறம் தோன்றியும் மறைந்தும் மீண்டும் தோன்றியும் வருவது என்னும் பௌத்தப் பார்வையே காப்பியத்தின் அடித்தளமாகும்.

புத்தரின் வாழ்க்கை நிகழ்ச்சியாக இக்காப்பியத்தில் எடுத்துரைக்கப்படுவது ஏறத்தாழ ஒன்றே. நாக நாட்டு மன்னர் இருவர் பீடிகையைத் தமதெனக் கொண்டு பெரும்போர் புரிந்தபோது, புத்தர் அங்குத் தோன்றி, அது தமக்குரியது எனக் கூறி, அதன்மீது அமர்ந்து அறம் உரைத்தார். மகாவம்சத்தில் வரும் நாகதீபக் கதையோடு இஃது ஒத்துள்ளது. புத்தரின் பிறப்பையோ துறவையோ போதி எய்தியதையோ பரிநிர்வாணத்தையோ கதையாக விரிக்காத சாத்தனார், இருவர் போரைத் தணித்த நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

புத்தரின் வரலாறு தமிழ் வாசகருக்கு மணிமேகலையோடு சேர்த்து வழங்கப்பட்டது அச்சுக் காலத்தில்தான். உ.வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, புத்தசரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைப் பற்றிய உரைநடைப் பகுதிகளையும் எழுதிச் சேர்த்தார். பௌத்தக் கருத்துகளை விளக்கத்தக்கவர் அரிதாக இருந்த அக்காலத்தில், கும்பகோணம் கல்லூரிப் பேராசிரியர் மளூர் ரங்காசாரியாரின் உதவியோடு ஆங்கில நூல்களின் செய்திகளை அறிந்தே அவர் அப்பணியை முடித்தார். காப்பியத்தைப் புரிந்துகொள்ள அன்று அது தேவையான துணையாக இருந்தது. நாளடைவில் துணையாக வந்த வரலாறே முதன்மை பெற்று, காப்பியம் அதன் விளக்கமாகக் கருதப்படும் நிலை ஏற்பட்டது. இம்மாற்றத்திற்கு வலுவூட்டிய நூல்களுள் தலையாயது ஆசிய ஜோதி.

ஆசிய ஜோதியின் இயல்பு

எட்வின் ஆர்னால்டு 1879இல் வெளியிட்ட ஆங்கிலக் காவியத்தைத் தழுவியது ஆசிய ஜோதி. புனே நகரின் தக்காணக் கல்லூரியில் முதல்வராகப் பணியாற்றிய ஆர்னால்டு, புத்தரிடம் பக்தி கொண்ட ஓர் இந்தியர் சொல்வதாகக் கற்பனை செய்து, எட்டுப் பகுதிகளில் அதனைப் பாடினார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புத்தரைப் பரவலாக அறிமுகப்படுத்திய நூல்களுள் அதுவும் ஒன்று. லலிதவிஸ்தர மரபில் வளர்ந்த வாழ்க்கைக் கதையே அதன் அடிப்படை.

கவிமணியின் ஆற்றல் இத்தழுவலில் நன்கு புலனாகின்றது. இளஞ்சிறாரும் பாடத்தக்க சந்தம், அகராதியின் உதவி வேண்டாத சொற்கள், இரக்கத்தை மிகைப்படுத்தாமல் எழுப்பும் நயம் ஆகியவை அந்நூலின் சிறப்புகள். ஆங்கிலத்தின் சாயல் தெரியாத வண்ணம் அதனைத் தமிழாக்கியமை எளிய செயலன்று. தீண்டாமை கொடுமையாக நிலவிய தென் திருவிதாங்கூரில் வாழ்ந்த கவிஞர், ஏழைச் சிறுவனின் கையிலிருந்து பால் வாங்கி அருந்தும் புத்தரைத் தமிழில் பாடியது சமுதாய நோக்கிலும் பெருமதிப்பிற்குரியது. ஆசிய ஜோதியின் தகுதியைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பாடநூல்களிலும் மேடைகளிலும் அந்நூலின் எந்தப் பகுதிகள் நிலைபெற்றன, அவை புத்தரைப் பற்றி எத்தகைய கருத்தை உருவாக்கின என்பனவே ஆராயத்தக்கன.

தமிழ் மாணவர் நெஞ்சில் நிலைபெற்ற காட்சிகள் மூன்று: பிம்பிசாரனின் வேள்வியில் பலியிட இருந்த ஆடுகளைக் காத்தல், மகனை இழந்த தாய்க்குக் கடுகின் வாயிலாக உண்மை உணர்த்துதல், தீண்டத் தயங்கிய ஆயச்சிறுவனுக்குக் குருதியில் சாதி இல்லை எனத் தெளிவித்தல். ஆர்னால்டின் காவிய அமைப்பை நோக்கின், இம்மூன்றும் சித்தார்த்தர் போதி எய்துவதற்கு முன்னர் நிகழ்வனவாகும். பாலி உரைநூல்களில் கிசாகோதமியின் கதை புத்தர் மெய்யறிவு பெற்ற பின்னரே நிகழ்வதாக உள்ளது. ஆர்னால்டு அதனை முன்னே நகர்த்தியுள்ளார். நாம் புத்தரின் போதனைகளாகக் கற்பிக்கும் இக்காட்சிகள், அக்காவிய வரிசையின்படி, புத்தர் ஆவதற்கு முந்திய ஓர் இளந்துறவியின் கருணைச் செயல்களே ஆகும். துன்பம் எவ்வாறு தோன்றுகின்றது, எவ்வாறு நீங்குகின்றது என்னும் ஆய்வு அவற்றில் இடம்பெற வாய்ப்பில்லை. ஆகவே மாணவர் மனத்தில் எஞ்சுவது கருணைமிக்க ஒரு மகானின் உருவம். அவ்வுருவம் வணங்கத்தக்கது; ஆயின், அவ்வுருவை வணங்குவது அவர் கண்ட அறத்தை அறிவதற்கு ஈடாகாது.

மூன்று காட்சிகள்: ஓர் ஒப்பீடு

இம்மூன்று காட்சிகளுக்கும் இணையானவை மணிமேகலையிலேயே உள்ளன. நம் பாடங்களில் இவ்வொற்றுமை போதிய கவனம் பெறவில்லை.

மகனை இழந்த தாயின் காட்சியை முதலில் காண்போம். சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் கோதமை என்னும் பார்ப்பனத் தாய், சுடுகாட்டில் அஞ்சி உயிர்நீத்த தன் மகன் சார்ங்கலனைச் சம்பாபதித் தெய்வத்தின் முன் கிடத்தி, அவன் உயிரைத் தருமாறு வேண்டுகின்றாள். கிசாகோதமியின் பெயரும் துயரும் இவளிடம் எதிரொலிக்கின்றன. ஆயின், இங்குப் புத்தர் இல்லை, கடுகும் இல்லை. தன் உயிரை எடுத்துக்கொண்டு மகனின் உயிரைத் தந்தால், கண்ணிழந்த கணவனை அவன் காப்பான் என்று தாய் காரணம் காட்டுகின்றாள். ஓர் உயிருக்கு மற்றோர் உயிரை ஈடாகத் தரும் வழி இருந்தால், மன்னருக்காக உயிர்விடுவோர் பலர் இருக்க, அவர்களுக்கும் இச்சுடுகாட்டில் எண்ணற்ற கோட்டங்கள் எழுந்தது எவ்வாறு எனத் தெய்வம் மறுமொழி கூறுகின்றது. தேவர் வரம் தருவர் என்னும் மறைமொழியைத் தாய் சான்றாகக் காட்டவே, தெய்வம் சக்கரவாளத்துத் தேவர் அனைவரையும் வரவழைத்துத் தன் கூற்றை மெய்ப்பிக்கின்றது. கடுகின் கதையில் தாய் ஆசானின் சொல்லை ஏற்று வீடுவீடாகச் செல்கின்றாள். இங்கோ அவள் தெய்வத்தோடு வாதிடுகின்றாள். துயரத்தின் நடுவிலும் சான்று கேட்கும் உரிமையைச் சாத்தனார் அத்தாய்க்கு அளித்துள்ளார்.

இரண்டாவது, வேள்விக் காட்சி. ஆபுத்திரன் திறம் அறிவித்த காதையில், வேள்விச் சாலையில் கட்டப்பட்டிருந்த பசுவை ஆபுத்திரன் இரவில் விடுவித்துக் கொண்டுபோகின்றான். பிறந்த நாள்தொட்டுப் பால் சுரந்து ஊட்டும் இவ்வுயிரோடு உங்களுக்கு என்ன பகை என்று அந்தணரிடம் வினவுகின்றான். பிம்பிசாரனின் வேள்வியில் சித்தார்த்தர் தோன்றியவுடன் மன்னன் மனம் மாறுகின்றான், வேள்வி நிற்கின்றது, அரசாணையும் பிறக்கின்றது. ஆபுத்திரனுக்கோ அடியும் பழிச்சொல்லும் கிட்டுகின்றன. வளர்த்த தந்தையும் கைவிடுகின்றான். ஊருக்குள் அவன் ஐயம் ஏற்கச் சென்றபோது, ஆவைக் கவர்ந்த கள்வன் என்று கூறி அவன் கலத்தில் கல்லை இடுகின்றனர். அரச குலத்துத் துறவியின் கருணைக்கு உலகம் தலைவணங்குவதை ஆசிய ஜோதி காட்டுகின்றது. ஆதரவற்ற ஒருவனின் கருணைக்கு உலகம் தரும் விலையை மணிமேகலை காட்டுகின்றது. அறத்தைக் கற்பிப்பவர் இவ்விரண்டாவது உண்மையை மாணவரிடமிருந்து மறைத்தல் ஆகாது.

மூன்றாவது, பிறப்பின் இழிவு பற்றிய காட்சி. ஆசிய ஜோதியில் தாழ்ந்தவன் எனத் தன்னைக் கருதும் சிறுவனுக்கு உயர்ந்தோன் ஒருவன் தெளிவு தருகின்றான். மணிமேகலையில், பிறப்பைச் சுட்டி இகழப்பட்ட ஆபுத்திரனே எழுந்து நின்று, போற்றப்படும் முனிவர் பலரின் பிறப்பை எடுத்துக்காட்டி, இகழ்ந்தோரின் நூலறிவைக் கொண்டே அவர்களை மறுக்கின்றான். சமத்துவத்தை முன்னவன் அருளாகப் பெறுகின்றான். பின்னவன் வாதிட்டு நிலைநாட்டுகின்றான்.

மூன்று காட்சிகளிலும் புலப்படும் வேறுபாடு ஒன்றே. ஆசிய ஜோதியில் அறச்செயல் புத்தர் ஒருவரிடம் குவிந்துள்ளது. மணிமேகலையில் அது கணிகை குலத்துப் பெண், கைவிடப்பட்ட குழந்தை, கற்புடைய வணிகன் மனைவி, முதிய துறவி எனப் பலரிடம் பரவியுள்ளது. புத்தரின் வாழ்க்கையைச் சாத்தனார் பலருடைய வாழ்க்கையாகப் பகிர்ந்தளித்துள்ளார் எனலாம்.

பசியும் பன்னிரு நிதானமும்

மணிமேகலையின் அறம் பசியை மையமாகக் கொண்டது. அமுதசுரபி ஒரு மாயக்கலம். ஆதலின் பசிப்பிணிக்கு அக்காப்பியம் தரும் தீர்வு நடைமுறைக்கு ஒவ்வாதது எனக் கூறுவோர் உளர். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். ஆபுத்திரன் அக்கலத்தைப் பெறுவதற்கு முன்னரே, மதுரையில் இரந்து பெற்ற உணவைக் கண்ணிலார்க்கும் முடவர்க்கும் ஆதரவற்றோர்க்கும் ஊட்டி, எஞ்சியதையே உண்டு வாழ்ந்தான். கலம் அவன் செயலுக்குத் துணையாக வந்ததேயன்றி, அதனைத் தொடங்கி வைக்கவில்லை. மணிமேகலையின் கையிலும் அக்கலம் தானே சுரந்துவிடவில்லை. ஆதிரை முதற்பிச்சை இட்ட பின்னரே அது பயன் தரத் தொடங்கியது. மனிதர் ஒருவரின் கொடையில்லாமல் மாயமும் இயங்காது என்பதே சாத்தனாரின் குறிப்பு.

பசியை முதன்மைப்படுத்துவது சாத்தனார் தாமே புகுத்திய புதுமையும் அன்று. பசியைப் பெரும்பிணியாகச் சொல்லும் கருத்து தம்மபதத்தில் உள்ளது. அதன் உரைநூல், ஆளவி நகரில் பசித்து வந்த உழவன் ஒருவன் உண்டு முடிக்கும்வரை புத்தர் அறவுரையைத் தொடங்காது காத்திருந்ததாகக் கூறுகின்றது. பசித்தவனுக்கு முதலில் உணவும் பின்னர் அறமும் என்னும் இவ்வரிசையே மணிமேகலையின் அமைப்பாக விரிந்துள்ளது. பாத்திரம் பெறுதலும் பிச்சையேற்றலும் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆதலும் முன்னே நிகழ்கின்றன. சமயவாதிகளின் கூற்றுகளும் அளவை நூலும் பன்னிரு நிதானமும் இறுதிக் காதைகளில் இடம்பெறுகின்றன.

அப்பன்னிரு நிதானங்களைத் தமிழில் சொல்லும் திறமும் எண்ணத்தக்கது. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்னும் தொடரில் 'பவம்' ஒன்றே வடசொல் வெளிப்படையாகத் தெரிவது. நுண்ணிய தத்துவத்தைப் பேச்சுவழக்கிற்கு அருகிலுள்ள சொற்களால் கூற இயலும் என்பதற்கு இது தக்க சான்றாகும். ஆயினும் 'வறட்சியான பகுதி' என்று கூறி இறுதிக் காதைகளை நாம் வகுப்பில் விரைந்து கடந்து விடுகின்றோம். அவ்வாறு கடக்கும்போது, பசியைப் போக்கியவள் துன்பத்தின் காரணத்தை ஏன் ஆராய்கின்றாள் என்னும் காப்பியத்தின் மைய வினாவையும் கைவிடுகின்றோம்.

இருபதாம் நூற்றாண்டின் வேறு குரல்கள்

இக்காலத் தமிழில் புத்தரை அணுகிய வழி ஆசிய ஜோதி மட்டுமன்று. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்து, 1907 முதல் 'தமிழன்' இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர், புத்தரின் வரலாற்றை 'ஆதிவேதம்' என்னும் நூலாக எழுதினார். மணிமேகலை, வீரசோழியம், நிகண்டுகள் முதலிய தமிழ் நூல்களையே அவர் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டார். அவர் தந்த சொற்பிறப்பு விளக்கங்கள் பலவற்றை இன்றைய மொழியியலார் ஏற்கமாட்டார்கள். ஆயினும், புத்தரைத் தமிழர் பிறரிடம் கடன்பெற வேண்டியதில்லை என்னும் அவருடைய அடிப்படை நிலைப்பாடு, மேலே கூறிய மாணவர் வினாவிற்கு நேரடியான விடையாகும். பௌத்தமும் தமிழும் கொண்ட உறவை 1940இல் வெளிவந்த நூலில் சான்றுகளோடு தொகுத்தளித்த மயிலை சீனி. வேங்கடசாமியின் பணியும் இவ்வகையில் எண்ணத்தக்கது.

அண்ணல் அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' 1957இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர்ப் பெரியார்தாசனால் தமிழாக்கப்பட்டது. இருபத்தொன்பது வயதுவரை ஒருவர் மூப்பையும் பிணியையும் சாவையும் கண்டிலர் என்பது நம்பத்தக்கதன்று எனக் கூறி, நான்கு காட்சிகளின் கதையை அம்பேத்கர் ஏற்க மறுத்தார். ரோகிணி ஆற்று நீரைப் பற்றிச் சாக்கியர்க்கும் கோலியர்க்கும் எழுந்த பூசலில் போரை எதிர்த்தமையே சித்தார்த்தர் நாடு நீங்கியதற்குக் காரணம் என அவர் எழுதினார். இவ்விளக்கத்தின் வரலாற்று உறுதி விவாதத்திற்குரியது. எனினும், மணிமேகலை தேர்ந்தெடுத்த நிகழ்ச்சியும் அம்பேத்கர் முதன்மைப்படுத்திய நிகழ்ச்சியும் பங்காளிகளின் பூசலைத் தணித்தல் பற்றியனவாக இருத்தல் சிந்திக்கத்தக்கது. இருவரும் புத்தரைத் தம் துயர் தீர வழி தேடியவராக மட்டும் காணாமல், மனிதர்க்கிடையே உள்ள பகையைத் தீர்க்க முனைந்தவராகவும் கண்டுள்ளனர்.

நம் மண்ணின் சான்றுகள்

இவ்விவாதம் தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. மணிமேகலையின் கதைக்களத்தில் இவ்வட்டாரமும் அடங்கும். பன்னீராண்டுப் பஞ்சம் நீங்கிப் பாண்டிநாடு செழித்தபின், ஆபுத்திரனின் கலத்தை நாடி வருவோர் இல்லாது போயினர். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் வாடுவதாகக் கேட்டு, அவன் அங்குச் செல்லக் கப்பல் ஏறினான். இடையில் மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டுப் பட்டினியால் உயிர்நீத்தான். மறுபிறப்பில் அதே சாவகத்தில் பிறந்து புண்ணியராசனாக அரசாண்டான். மணிமேகலையும் அவனைத் தேடிச் சாவகம் வந்தாள். மலாய்த் தீவுக்கூட்டத்தைச் சார்ந்த நாடாகவே சாவகம் அறிஞரால் கொள்ளப்படுகின்றது. அயல்நாட்டாரின் பசியைப் போக்கக் கடல்கடக்க முனைந்த ஒருவனைப் பற்றிய தமிழ்க் கதை, மலேசியத் தமிழ் மாணவர்க்கு அயலானதாக இருக்கக் காரணமில்லை.

கல்வெட்டுச் சான்றும் உண்டு. 1834ஆம் ஆண்டில், பினாங்குத் தீவிற்கு எதிர்க்கரையான செபராங் பிறைப் பகுதியில், கேப்டன் ஜேம்ஸ் லோ ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். தூபியின் உருவம் செதுக்கப்பட்ட அக்கல், ரக்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் பெருமாலுமியைக் குறிப்பிடுகின்றது. ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் அது, வடமொழியில் அமைந்தது. பின்னர்க் கொல்கத்தா அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. கடற்பயணம் இனிது நிறைவேற விழைந்த அம்மாலுமி கல்லில் பொறிக்கச் செய்தது புத்தரின் பிறப்பையோ துறவையோ பற்றிய செய்தியன்று. அறியாமை வினையைப் பெருக்கும் என்பதும், வினையே பிறப்புக்குக் காரணம் என்பதும், அறிவால் அத்தொடர் அறும் என்பதும் அதன் உட்பொருள். இதே கருத்தமைந்த செய்யுள் கெடாவில் கிடைத்த வேறு கல்வெட்டுகளிலும் காணப்படுகின்றது. அறவண அடிகள் காஞ்சியில் பேதைமை தொடங்கி வினைப்பயன் ஈறாக விரித்துரைத்த தொடரின் சுருக்கமே இக்கற்களில் உள்ளது.

சோழர் காலத்திலும் இத்தொடர்பு நீடித்தது. கடாரத்து அரசன் சூளாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதை லெய்டன் பெரிய செப்பேடு கூறுகின்றது. இன்றைய கெடாவும் நாகப்பட்டினமும் புத்தர் பெயரால் இணைந்திருந்த காலம் அது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்குக் கப்பலேறிய பிற்காலத் தமிழர், இவ்வுறவின் நினைவைத் தம்மோடு கொண்டுவரவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஆசிய ஜோதியைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்பது பெறப்படாது. இளம் வகுப்புகளுக்கு அதனினும் சிறந்த அறிமுக நூலைக் காண்டல் அரிது. மணிமேகலைக்குச் செல்லும் ஒரே வாயிலாக அதனைக் கொள்வதே தவறு. உயர் வகுப்புகளில் புத்தர் வரலாற்றிலிருந்து தொடங்காமல், ஆபுத்திரன் திறம் அறிவித்த காதையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். கோதமையின் வாதத்தையும் கடுகின் கதையையும் அருகருகே வைத்து மாணவரையே ஒப்பிடச் செய்யலாம். பன்னிரு நிதானத்தை மனப்பாடமாக அன்றி, பசிக்கும் அறியாமைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் வழியாகக் கற்பிக்கலாம். செபராங் பிறைக் கல்வெட்டை வரலாற்றுப் பாடத்திற்கு ஒதுக்கிவிடாது இலக்கிய வகுப்பிலும் எடுத்துரைக்கலாம்.

விசாகப் பௌர்ணமியன்று ஜார்ஜ்டவுன் சாலைகளில் ஊர்வலம் செல்வதை நம் மாணவர் பார்வையாளராக நின்று காண்கின்றனர். அந்நாளில்தான் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மேலெழுகின்றது என்று ஒரு தமிழ்ப் புலவர் பாடியுள்ளதை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அதனை அறிந்த மாணவர், புத்தர் தமிழ்க் காப்பியத்துள் எவ்வாறு வந்தார் என்று வினவமாட்டார்; தமிழர் நினைவிலிருந்து அவர் எவ்வாறு நீங்கினார் என்றே வினவுவார். அவ்வினாவிற்கு விடை காணும் கடமை தமிழ் ஆய்வாளராகிய நமக்கு உரியது.